பிரஷர் குக்கர்: எங்கே பிறந்தது, மூடியில் என்ன நடக்கிறது, எங்கே தகராறு வருகிறது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆவியை ஒரு பாத்திரத்துக்குள் அடைப்பது பெரிய வித்தை இல்லை. அடைத்த ஆவியை வேண்டிய அளவுக்கு மட்டும் வெளியே விடுவதுதான் கடினம். இன்று உங்கள் குக்கர் மூடியில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் அந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு. அதைப் புரிந்துகொண்டால் விசில் ஏன் வரவில்லை, பருப்பு ஏன் வேகவில்லை என்ற கேள்விகளுக்கும் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

குக்கரை முதலில் செய்தவர் யார்?

டெனி பாப்பன். 1647-ல் பிரான்சில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். பாரிசில் விஞ்ஞானி ஹைகன்ஸிடமும், பிறகு லண்டனில் விஞ்ஞானி ராபர்ட் பாயிலிடமும் காற்று பம்புகளை வைத்துச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது, அழுத்தம் கூடினால் கொதிக்க அதிகச் சூடு தேவைப்படுகிறது என்பதெல்லாம் அந்த ஆய்வுக்கூடங்களில் தெளிவாகிக்கொண்டிருந்த காலம். அதைச் சமையலுக்குத் திருப்பிவிட்டவர் பாப்பன். 1679-ல் லண்டனின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டி முன் தன் கருவியைக் காட்டினார். கனத்த உலோக உருளை, அதன் மேல் திருகாணியால் இறுக்கிய மூடி. அதற்கு அவர் வைத்த பெயர் 'டைஜெஸ்டர்'. எலும்பை மிருதுவாக்கும் கருவி என்றே தன் நூலில் அதை விவரித்தார். ஏழைகளுக்கு எலும்பிலிருந்து சத்தான உணவு கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1682 ஏப்ரல் 12 அன்று ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இந்தக் கருவியில் சமைத்தே ஒரு விருந்து வைத்தார். அதில் சாப்பிட்ட ஜான் எவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகியிருந்தன, செலவான கரி எட்டு அவுன்ஸுக்கும் குறைவு. நம் கணக்கில் கால் கிலோவுக்கும் கீழே. எரிபொருள் மிச்சம் என்ற இன்றைய விளம்பர வாசகம் 1682-லேயே ஒரு விருந்தாளியின் குறிப்பில் இருக்கிறது.

அழுத்தமானி இல்லாத காலத்தில் உள்ளே எவ்வளவு சூடு என்று எப்படித் தெரிந்துகொண்டார்?

மூடியின் மேல் சிறு குழி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். பக்கத்தில் ஒரு ஊசல் ஆடிக்கொண்டிருக்கும். சொட்டு வற்றிப்போவதற்குள் ஊசல் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார். சீக்கிரம் வற்றினால் உள்ளே சூடு அதிகம். எத்தனை விசில் என்று இன்று எண்ணுகிறோமே, அதைவிட இது நம்பகமான முறை. காரணம் கீழே வருகிறது.

பாத்திரம் வெடிக்கும் ஆபத்தும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. மூடியில் சிறு துளை, துளையின் மேல் அடைப்பான், அடைப்பானை அழுத்தும் நெம்புகோல், அதன் நுனியில் எடைக்கல். எடைக்கல்லை நகர்த்தினால் எந்த அழுத்தத்தில் ஆவி வெளியேற வேண்டும் என்பதை மாற்றலாம். பின்னாளில் நீராவி இயந்திரங்களின் கொதிகலன்களைக் காத்த பாதுகாப்பு வால்வுக்கு மூலம் இந்தச் சமையல் பாத்திரம்தான். பாப்பனே 1690-ல் ஆவியால் பிஸ்டனை நகர்த்தும் யோசனையையும் வெளியிட்டார். ஆனால் பணமோ புகழோ அவருக்கு வரவில்லை. லண்டனில் வறுமையில் கடைசி நாட்களைக் கழித்தார்.

அப்படியானால் வீட்டுக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்?

வார்ப்பிரும்பும் பித்தளையும் கனம், விலையும் அதிகம். திருகாணி மூடியைத் திறந்து மூட ஆள் பலம் வேண்டும். விறகிலும் கரியிலும் தீயைச் சட்டென்று குறைக்க முடியாது. ஆவி கசியாத ரப்பர் வளையமும் அப்போது இல்லை. இந்த நான்கும் தீர்ந்த பிறகே குக்கர் அடுப்படிக்குள் நுழைந்தது.

இடையில் வேறு வழிகளில் அது வளர்ந்தது. 1864-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கியோர்க் குட்பிரோட் ஈயம் பூசிய வார்ப்பிரும்புக் குக்கர்களைச் செய்தார். 1879-ல் நுண்ணுயிர் ஆய்வாளர் லூயி பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சேம்பர்லாந்து அதே தத்துவத்தில் மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவைச் செய்தார். மருத்துவமனை ஆட்டோகிளேவில் வழக்கமாக வைக்கும் 121 டிகிரியும் உங்கள் குக்கர் எட்டும் சூடும் ஏறத்தாழ ஒன்றே. 1919-ல் ஸ்பெயினின் சரகோசா நகரைச் சேர்ந்த ஹோசே அலிக்ஸ் மார்ட்டினெஸ் வீட்டுக் குக்கருக்குக் காப்புரிமை பெற்றார். 1938-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் விஷர் ஒரு வீட்டுக் குக்கரைக் கொண்டுவந்தார். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிரெஸ்டோ குக்கர் வந்தது. அதன் மூடியைத் திருகாணி இல்லாமல் கைப்பிடியைத் திருப்பியே பூட்டலாம். மூடி விளிம்புக்கு வெளியே பொருந்தும் இன்றைய வெளிமூடிக் குக்கரின் உருவம் அதுதான்.

இந்தியாவில் எப்போது தொடங்கியது?

1959. அந்த ஆண்டில்தான் டி.டி.கே. குழுமத்தின் பிரெஸ்டீஜ், மும்பையின் ஹாக்கின்ஸ் இரண்டும் இங்கே குக்கர் செய்யத் தொடங்கின. இரண்டுக்கும் பின்னால் பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்பம் இருந்தது. டி.டி.கே. குழுமத்தை 1928-ல் சென்னையில் தொடங்கியவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பின்னாளில் மத்திய நிதியமைச்சரானவர்.

வடிவம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் பயன்பாடு நம்முடையதாக மாறிவிட்டது. அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேலே காய் என்று அடுக்குப் பாத்திரம் வைத்து ஒரே நெருப்பில் மூன்றையும் வேகவைப்பது நம் சமையலுக்கு ஏற்ற முறை. மேற்கத்திய அடுப்படியில் குக்கர் கறிக்கும் சூப்புக்கும் உரிய பாத்திரம். இங்கே அது அன்றாடச் சோற்றுப் பாத்திரம்.

உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. எவ்வளவு நெருப்பைக் கூட்டினாலும் வேகமாக வற்றுமே தவிர சூடு ஏறாது. குக்கரில் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ கூடுதல் அழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில். கூடுதல் 20 டிகிரிதான், ஆனால் பருப்பின் செல்சுவர் தளர்வதும் கறியின் நார் கரைவதும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். அதனால்தான் ஒரு மணி நேர வேலை கால் மணியில் முடிகிறது.

மலை ஊர்களில் இதன் அருமை இன்னும் தெரியும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரமாகும். குக்கரில் 116 டிகிரி வரை கிடைக்கும். சமவெளியில் 8 நிமிடம் என்றால் அங்கே இரண்டு மூன்று நிமிடம் கூட வையுங்கள்.

வெயிட் இவ்வளவு சிறியது, எப்படி அழுத்தத்தைப் பிடிக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆவிக்குழாயின் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 1 கிலோ அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த 70 கிராம் போதும். அழுத்தம் அதைத் தாண்டியதும் வெயிட் எழும்பும், ஆவி சீறும், அழுத்தம் குறைந்ததும் உட்காரும். அதுதான் விசில்.

இதே கணக்கை மூடிக்குப் போட்டால் வேறொன்று தெரியும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதாவது அந்த மூடியை உள்ளிருந்து 300 கிலோவுக்கும் மேற்பட்ட விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்தக் காரணத்தால்தான் வேறு கம்பெனி வெயிட்டைப் போடக் கூடாது. துளை அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலே, எடை 20 கிராம் கூடினாலே, உள்ளே நிற்கும் அழுத்தம் வேறாகிவிடும்.

சேஃப்டி வால்வு, கேஸ்கட் ஜன்னல், இவையெல்லாம் எதற்கு?

வெயிட் முதல் காவல். பருப்பு நுரையோ கீரைத் துண்டோ ஆவிக்குழாயை அடைத்தால் அது செயலற்றுப்போகும். அப்போது சேஃப்டி வால்வு வேலை செய்ய வேண்டும். அதன் நடுவில் குறைந்த சூட்டில் உருகும் உலோகக்கலவை இருக்கிறது. தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அது உருகி வழி விடும். ஒருமுறை உருகிவிட்டால் புதிதுதான் மாட்ட வேண்டும்.

இங்கேதான் நம் நாட்டில் ஒரு சிக்கல் வந்தது. கடைகளில் மலிவாகக் கிடைத்த போலி வால்வுகள் உருக வேண்டிய சூட்டில் உருகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பிரெஸ்டீஜின் டி.டி. ஜகன்னாதன் காலத்தில் கேஸ்கட் ரிலீஸ் சிஸ்டம் வந்தது. மூடியின் விளிம்பில் ஒரு நீளவாட்டத் திறப்பு இருக்கும், அதுதான் கேஸ்கட் ஜன்னல். அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கட் அந்தத் திறப்பு வழியே பிதுங்கி ஆவியைக் கீழ்நோக்கி விட்டுவிடும். யார் எந்தப் போலி வால்வை மாட்டினாலும் இது வேலை செய்யும். எளிமையான, மிக நல்ல யோசனை. அந்தத் திறப்பு சுவரைப் பார்க்கும்படி குக்கரை வையுங்கள், நின்று சமைப்பவர் பக்கம் இருக்கக் கூடாது.

உள்மூடி நல்லதா, வெளிமூடி நல்லதா?

விளிம்புக்கு உள்பக்கமாகப் பொருந்தும் உள்மூடியை உள்ளிருக்கும் அழுத்தமே விளிம்போடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் இருக்கும்வரை திறக்கவே வராது, அந்த விதத்தில் பாதுகாப்பு கூடுதல். ஆனால் வாய் சிறியது, அடுக்குப் பாத்திரம் வைத்து எடுப்பது சிரமம். சாதம், பருப்பு, காய் ஒன்றாக வைக்கும் வீட்டுக்கு வெளிமூடி வசதி. பருப்பையும் கறியையும் நேரடியாகப் போடுபவர்களுக்கு உள்மூடி.

எத்தனை விசில் வைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நேர்ப்பதில் கிடையாது. பெரிய நெருப்பில் நிமிடத்துக்கு ஒரு விசில் வரும், சிம்மில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரலாம். இரண்டிலும் உள்ளே சூடு ஒன்றுதான். 3 லிட்டர் குக்கரின் நான்கு விசிலும் 10 லிட்டர் குக்கரின் நான்கு விசிலும் ஒன்றாகாது. ஒருவர் வீட்டு விசில் கணக்கு அடுத்த வீட்டில் தப்புவது இதனால்தான்.

நேரத்தை எண்ணுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து அங்கிருந்து கடிகாரம் பாருங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு விசிலும் தேவைக்கு மேல் எரியும் கேஸ்.

கழற்றி மாட்டும் வெயிட் என்றால் இன்னொன்றும் முக்கியம். மூடியவுடனே வெயிட் போடாதீர்கள். குழாயிலிருந்து ஆவி விடாமல் ஒரே சீராக வந்த பிறகு போடுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையதாகிவிடும், ஆவி 120 டிகிரியை எட்டாது.

தோராயமான நேரங்கள், முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில்:
- பச்சரிசி, 20 நிமிடம் ஊறியது, 1 கப்புக்கு 2 கப் தண்ணீர்: 5 நிமிடம்
- புழுங்கலரிசி, 1 கப்புக்கு 3 கப்: 10 முதல் 12
- துவரம்பருப்பு, அரை மணி ஊறியது, 1 கப்புக்கு இரண்டரை முதல் 3 கப்: 6 முதல் 8
- கொண்டைக்கடலை, இரவு முழுதும் ஊறியது: 15 முதல் 20
- ஆட்டுக்கறி: 20, முற்றலானால் இன்னும் 5

எல்லாவற்றுக்கும் அடுப்பை அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்திலும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கிறது.

எவ்வளவு வைத்தும் பருப்பு மசியவில்லையே?

புளி, தக்காளி முன்கூட்டியே சேர்ந்ததா என்று பாருங்கள். புளிப்பு பருப்பின் செல்சுவரைத் தளரவிடாது. வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அடுத்த சந்தேகம் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடும். குடிதண்ணீரில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மூன்றாவது, பருப்பே பழையதாக இருக்கலாம். வெப்பத்தில் பல மாதம் கிடந்த பருப்பு ஊறவைத்தாலும் இறுகியே இருக்கும்.

விசிலோடு பருப்புத் தண்ணீர் பீய்ச்சி அடுப்பெல்லாம் ஆகிறதே?

நுரை. பருப்பின் புரதமும் மாவுச்சத்தும் கொதிக்கும்போது நுரையாக எழும்பி ஆவிக்குழாய்வரை வந்துவிடுகிறது. பருப்பை மூன்று நான்கு தண்ணீர் கழுவுங்கள், அரை டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள், குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், விசில் வருமுன்பே நெருப்பைக் குறையுங்கள். நேரடியாகப் போடாமல் உள்பாத்திரத்தில் வைத்து ஒரு தட்டால் மூடினால் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

விசில் வரவே இல்லை. எங்கே பார்ப்பது?

பக்கவாட்டில் ஆவி போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் கேஸ்கட்தான். இறுகி, பளபளப்பு ஏறி, மடக்கினால் வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டும். அவசரத்துக்கு ஃபிரீசரில் பத்து நிமிடம் வைத்துப் போட்டால் ஒருநாள் ஓடும், அதற்கு மேல் நம்பாதீர்கள். கேஸ்கட் புதிதாக இருந்தும் கசிந்தால் விளிம்பு நசுங்கியிருக்கிறது. கீழே விழுந்த குக்கரில் இது சகஜம்.

பக்கவாட்டிலும் ஆவி இல்லை, விசிலும் இல்லை என்றால் உடனே அடுப்பை அணையுங்கள். குழாய் அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் வற்றியிருக்கலாம். நன்றாக ஆறிய பிறகு மூடியை எடுத்து, குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஊசியால் குத்தி, தண்ணீரைப் பாய்ச்சுங்கள். தினமும் மூடும் முன் இப்படிப் பார்ப்பது மூன்று நொடி வேலை.

அவசரத்துக்கு மூடியை நெம்பித் திறந்தால் என்ன?

திறக்கவே கூடாது. உள்ளே 120 டிகிரியில் நிற்கும் ஒரு லிட்டர் தண்ணீர், அழுத்தம் சட்டென்று போனதும் 37 கிராம் அளவுக்கு அந்த நொடியே ஆவியாகும். கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் அது 60 லிட்டர் ஆவி. கொதிக்கும் பருப்பையும் வாரிக்கொண்டு அது முகத்தை நோக்கித்தான் வரும்.

வெயிட்டைக் கரண்டிக் காம்பால் மெல்லத் தூக்குங்கள். சீறல் இல்லை என்றால் மட்டும் திறக்கலாம். வெளிமூடிக் குக்கரை அவசரமாக ஆற்ற, பக்கவாட்டில் குழாய்த் தண்ணீர் விடலாம், வெயிட்டின் மேல் விடக் கூடாது. இரவு முழுதும் ஆறிய பின் மூடி வராமல் அடம்பிடித்தால் காரணம் வேறு. ஆவி குளிர்ந்து உள்ளே வெற்றிடமாகியிருக்கும். வெயிட்டைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி வந்துவிடும்.

இட்லிக்கு வெயிட் போடலாமா?

வேண்டாம். மாவில் இருக்கும் காற்றுக் குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்கும், இட்லி அடர்ந்து கெட்டியாகும். வெயிட்டைக் கழற்றிவிட்டு, ஆவி வந்த பிறகு 10 முதல் 12 நிமிடம் போதும். தண்ணீர் இட்லித் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியக் குக்கர் உள்ளே கறுத்துவிட்டது, ஆபத்தா?

இல்லை. தண்ணீரில் உள்ள தாதுக்கள் அலுமினியத்தின் மேல் படியவைக்கும் கருமை அது. அடுக்குப் பாத்திரம் வைக்கும்போது அடித்தண்ணீரில் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையோ எலுமிச்சைத் தோலோ போட்டால் கறுக்காது. கறுத்ததையும் அதே புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டு எடுக்கலாம். சோடாப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், காரம் அலுமினியத்தை அரிக்கும்.

எலக்ட்ரிக் குக்கருக்கும் இதே நேரம்தானா?

கொஞ்சம் கூடும். 1991-ல் சீனாவில் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து வளர்ந்தவை இவை. பலவற்றில் அழுத்தம் சற்றுக் குறைவு, உள்ளே 115 டிகிரி அளவில்தான் நிற்கும். அடுப்புக் குக்கரில் 8 நிமிடம் எடுக்கும் பருப்புக்கு இதில் 10 வையுங்கள். விசில் இல்லாததால் நேரத்தை எண்ணும் பழக்கத்தை இது கட்டாயமாக்கிவிடுகிறது, அது நல்லதே.

வாங்கும்போதும் கழிக்கும்போதும் எதைப் பார்க்க வேண்டும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கருக்கு இது கட்டாயம். நான்கு பேருக்கு அடுக்கு வைத்துச் சமைக்க 5 லிட்டர் போதும். கேஸ்கட்டையும் வால்வையும் அதே கம்பெனியுடையதாக வாங்குங்கள். ஐம்பது ரூபாய் மிச்சம் பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல.

கழிப்பதற்குச் சோதனை சுலபம். சமமான கல்மேடையில் குக்கரை வைத்து விளிம்பைத் தட்டுங்கள். ஆடினால் அடி உப்பிவிட்டது என்று அர்த்தம், எப்போதோ தண்ணீர் வற்றிக் காய்ந்திருக்கிறது. பாத்திரக்கடையில் தட்டிச் சமப்படுத்தித் தருவார்கள், ஆனால் ஒருமுறை உப்பிய உலோகம் அழுத்தத்துக்கு ஏற்றதில்லை. மூடியில்லாமல் பால் காய்ச்சவோ சுண்டல் ஊறவைக்கவோ வைத்துக்கொண்டு, கேஸ்கட்டைக் கத்தரித்துப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து மூடிச் சமைக்காதபடி.